மூன்று பள்ளிக்கூடங்களும் நான் கேட்காத கேள்வியும்

என் மகள் ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகிற வருடம், மாசி மாதத்திலேயே எனக்குக் கவலை ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெருப் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி. ஆறாவதுக்கு வெளியே போக வேண்டும். எட்டாவது வரைக்கும் உள்ள அரசு நடுநிலைப்பள்ளிகள் எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மூன்று இருந்தன. மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எது பக்கமோ அங்கே பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். என்னால் அப்படி முடியவில்லை.

கவலைப்படுவதில் நான் கெட்டிக்காரன். மொபெட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை திரும்பிப்போய் இழுத்துப் பார்ப்பேன். வானத்தில் விரலளவு மேகம் தெரிந்தால், உப்புக் குவியலை மூடக் கீற்று போதுமா என்று எண்ணத் தொடங்கிவிடுவேன். ஆனால் இந்தக் கவலைக்கு ஒரு காரணம் இருந்தது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். நின்றவன் என்றுகூடச் சொல்ல முடியாது, நழுவிப்போனவன்.

ஏழாவது படிக்கும்போது, உப்பு வாரும் பருவத்தில், என் அப்பாவின் காலில் புண் வந்துவிட்டது. உப்புத் தண்ணீரில் நிற்கிறவனுக்குக் காலில் புண் வந்தால் லேசில் ஆறாது. அவருக்குப் பதிலாக நான் உப்புப் பாத்தியில் இறங்கி உப்பு வாரினேன். ஒரு வாரம் என்று போனது ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. திரும்ப வகுப்புக்குப் போனபோது என் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். கரும்பலகையில் இருந்த கணக்கு எனக்கு எந்த ஊர்க் கணக்கோ மாதிரி இருந்தது. வாத்தியார் பெயர் வாசித்தபோது, எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. இரண்டு அடி அடித்திருந்தால்கூட இருந்திருப்பேன். மறுநாள் நான் போகவில்லை. அதையும் யாரும் கேட்கவில்லை.

ஆகவே எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. என் பிள்ளை நாலு நாள் வராமல் போனால், அந்தப் பிள்ளை எங்கே என்று இந்தப் பள்ளிக்கூடத்தில் யாராவது தேடுவார்களா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் மூன்று பள்ளிகளையும் நேரில் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். மகளுடைய பழைய ரஃப் நோட்டில் பின்பக்கத்திலிருந்து கோடு போட்டு, கட்டம் கட்டி, கேள்விகளை எழுதினேன். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, அதில் தாழ்ப்பாள் விழுகிறதா, கணக்குக்குத் தனி ஆசிரியர் உண்டா, வாசலில் கேட் உண்டா. அந்த முக்கியமான கேள்வியை மட்டும் எழுதவில்லை. கேட்டால், “ஏம்பா, பொண்ண இடையில நிறுத்தப்போறியா?” என்று அவர்கள் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

உப்பளத்தில் விடியற்கால வேலைக்கு இறங்கினால் பத்து மணிக்குள் வெயில் துரத்திவிடும். அதன் பிறகு குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் பார்க்கக் கிளம்பலாம். முதல் நாள் நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததை என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். அவளும் அதே அளத்தில் உப்புக்கூடை சுமக்கிறவள்.

“இன்னாயா, பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி மடிப்பு வெச்சித் தேய்க்கிற? பஜ்ஜி சொஜ்ஜி வெப்பாங்களா அங்க?”

“நாளைக்கி நம்ம பொண்ணு படிக்கப் போற எடம். அழுக்குச் சட்டையோட போனா மதிப்பாங்களா?”

“சட்டையத் தேச்சிட்ட. அந்தக் காலை இன்னா பண்ணுவ?” என்றாள். குளித்தாலும் என் குதிகால் வெடிப்பில் வெள்ளை போகாது.

முதலில் போனது பெரிய ரோட்டை ஒட்டிய பள்ளி. புதுப் பெயிண்ட், பெரிய கேட். தலைமையாசிரியர் நாற்காலியைக் காட்டினார்.

“உக்காருங்க. யாருக்கு அட்மிஷன்?”

“பொண்ணுக்கு சார். ஆறாவது. ஜூன்ல.”

“ஜூனுக்கு இப்பவே வந்துட்டீங்களா?” என்று சிரித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஏன் என்று கேட்டார்.

“உப்பு ஒட்டிக்கும் சார், சேர்ல.”

“ஒட்டட்டுங்க. இந்த ஊர்ல எதுலதான் உப்பு ஒட்டல?”

அந்த மனுஷன் என் நோட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் எழுந்துபோய்க் காட்டினார். கழிப்பறைத் தாழ்ப்பாளை நான் நாலு தடவை போட்டுப் பார்த்தபோதும் பொறுமையாக நின்றார். ஒரு வகுப்பில் ஸ்மார்ட் போர்டில் மனுஷ இதயம் துடிப்பது மாதிரி படம் ஓடிக்கொண்டிருந்தது. மீன்பிடிக் குப்பத்துப் பிள்ளைகளும் உப்பளத்துப் பிள்ளைகளும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசுப் பள்ளிக்கூடத்தில் இப்படியா என்று எனக்கு நெஞ்சு விரிந்துபோயிற்று. ஒரே குறை, அங்கே போக ரோட்டைத் தாண்ட வேண்டும். சென்னையிலிருந்து பாண்டிக்குப் போகிற கார்கள் நம்மை மனுஷராகவே கணக்கில் எடுப்பதில்லை.

“வேற ஏதாவது கேக்கணுமா?” என்றார்.

கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. “குடிக்கிற தண்ணி எங்க சார் இருக்குது?” என்றேன். வெளியே இருந்த குழாயில் குடித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. கொண்டுபோன பாட்டிலில் பிடித்துக்கொண்டு, நோட்டில் ‘தண்ணீர் – நல்லது’ என்று எழுதினேன்.

இரண்டாவது பள்ளி, பிரம்மதேசம் போகிற பக்கத்தில், ஏரிக்கரை ஓரமாக, விவசாயக் கிராமத்தில் இருந்தது. பஸ்ஸில் அரை மணி நேரம். நான் போனபோது பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து மைதானத்தை அளந்துகொண்டிருந்தார்கள். கணக்கு டீச்சர் ஓரமாக நின்று பரப்பளவு எவ்வளவு என்று கேட்டார். பாத்தியைப் பார்த்தே எத்தனை மூட்டை உப்பு இறங்கும் என்று சொல்கிறவன் நான். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் சொன்ன விடையும் என் விடையும் ஒன்றாக இருந்தன. அந்தப் பிள்ளைக்கு எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் எனக்காகவும்.

கத்தரியும் வெண்டையும் பள்ளித் தோட்டத்திலேயே காய்த்து மத்தியானச் சோற்றுக்குப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் சரி. ஆனால் காலையில் அந்தப் பக்கம் போகிற பஸ் ஒன்றுதான். அதை விட்டால் அன்றைய படிப்பு போச்சு. நானும் மனைவியும் இருட்டோடு வேலைக்குப் போகிறவர்கள். மகளைக் கிளப்பி பஸ் ஏற்ற வீட்டில் ஆள் இல்லை. ஒரு நாள் விடுவாள், அப்புறம் இரண்டு நாள். அங்கேயும் அந்தக் கேள்வி நாக்கு நுனிக்கு வந்தது. அங்கேயும் தண்ணீர் எங்கே என்றுதான் கேட்டேன். குடித்தேன், பிடித்தேன், ‘நல்லது’ என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு பாட்டிலையும் வரிசையாக வைத்து, எல்லாருக்கும் தெரியட்டும் என்று நோட்டை வாசித்துக் காட்டினேன். என் மகள் ரோட்டுப் பள்ளிப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். அப்படியே வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

“ஐய, உப்பு கரிக்குதுபா! இதப் போயி நல்ல தண்ணின்னு எழுதி வெச்சிருக்க!”

நான் வாங்கி இன்னொரு தடவை குடித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“யோவ், உன் வாயில இருக்கறது நாக்கா, உப்பு மூட்டையா? கொழம்புல எல்லாருக்கும் போட்டுட்டு உனக்குன்னு தனியா ஒரு கை உப்பு போடுறேன். நீ போயி ஸ்கூல் ஸ்கூலா தண்ணி டெஸ்ட் பண்ணிட்டு வந்திருக்க.”

இருபது வருடம் உப்பிலேயே நின்றவனுக்கு, நாக்கில் உப்பு தெரியாமல் போய்விட்டது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. நான் குடித்தது கை கழுவுகிற குழாய் என்றும், குடிக்கத் தனியாகச் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்திருக்கிறார்கள் என்றும் பின்னால் தெரியவந்தது. தப்பு பள்ளிக்கூடத்தின் மேல் இல்லை. ஆனாலும் என் கட்டங்கள் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. தண்ணீரையே தப்பாகப் பார்த்தவன் மற்றதை எப்படிப் பார்த்திருப்பான்?

“மூணாவது ஸ்கூலுக்கு நானும் வரேன்” என்றாள் மகள்.

“மூணாவத பாக்க வேணாம்.”

“ஏன்?”

என் மனைவிதான் பதில் சொன்னாள். “அது உங்கப்பா படிச்ச பள்ளிக்கூடம். அங்க போவ மாட்டாரு, ரோஷம்.”

ரோஷம்தான். உப்பளத்தின் விளிம்பிலேயே இருக்கிற பள்ளி அது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். என்னைத் தேடாத பள்ளிக்கூடம். ஆனால் நோட்டில் மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் அதுவும் ஒரு கவலை. ஒரு நாள் மகளை லீவு போடவைத்து அழைத்துப்போனேன். அந்த ஒரு நாள் லீவுக்கே முதல்நாள் முழுக்க யோசித்தேன்.

கட்டடத்தைப் பார்த்ததும் மனசு விழுந்துபோயிற்று. உப்புக்காற்றில் சுவர் பொரிந்து, இடுப்பு உயரம் வரைக்கும் பூச்சு உதிர்ந்திருந்தது. தலைமையாசிரியை யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டே, சுற்றிப் பாருங்கள் என்று கை காட்டினார். என் மகள் தண்ணீர் குடித்துப் பார்த்து, நல்லாதான் இருக்குது என்றாள். கழிப்பறைத் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு ஏழாம் வகுப்புக்கு வந்தோம். பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் கரும்பலகையில் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியரைக் காணவில்லை.

“டீச்சர் எங்க?” என்றேன்.

“வெளிய போயிருக்காங்க, வந்துருவாங்க” என்றது ஒரு பிள்ளை.

ஏழாம் வகுப்பு. அதே வகுப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது. நோட்டைத் திறந்து, ‘ஏழாவதில் டீச்சர் இல்லை’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். ஃபோனில் இருந்த தலைமையாசிரியைக்குச் சொல்லாமலேயே மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

குறுக்கு வழியில் போகலாம் என்று உப்பளத்து வரப்பில் நடந்தோம். பாதி வழியில் எதிரே ஒரு அம்மா வந்தார். ஒரு கையில் செருப்பு. புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பின்னால் யூனிஃபார்மும் பையுமாக ஒரு பெண் பிள்ளை, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் பாத்தியில் நின்றிருந்த ஒருத்தி கையை வாயில் குவித்துக் கத்தினாள்.

“டீச்சர்! சாயந்தரம் நானே வந்து கொழந்தையத் தூக்கிக்கறேன்!”

“வா, வா! லேட் பண்ணாத! அங்கன்வாடி மூடிடுவாங்க!” என்று இவரும் திரும்பிக் கத்தினார்.

வரப்பு குறுகல். வழி விட நாங்கள் ஓரமாக நின்றோம். என் மகளுக்கு வாய் சும்மா இருக்காது.

“நீங்க செவன்த் டீச்சரா? கிளாஸ்ல நீங்க இல்லன்னு எங்கப்பா நோட்ல எழுதிட்டாரு.”

எனக்கு அந்த இடத்திலேயே பாத்தித் தண்ணீருக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது. டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எழுதட்டும். உண்மதானே? நீங்க யாருங்க, ஆபீஸ்ல இருந்து வர்றீங்களா?”

“இல்லங்க டீச்சர். அளத்துல வேல செய்யிறவன். பொண்ணுக்கு ஆறாவது பாக்க வந்தேன்.” பிறகு, ஏதோ ஒரு தைரியத்தில், “இந்தப் புள்ள எத்தினி நாளா வரல?” என்று கேட்டேன்.

“ரெண்டு நாள் ஃபோன் பண்ணேன், எடுக்கல. மூணாவது நாள் ஃபோன்லாம் கெடையாது, நேரா வந்துருவேன். இவங்கம்மா உப்பு எடுக்கப் போயிடுறா. தங்கச்சிப் பாப்பாவ யாரு பாக்கறது? இதுதான் பாத்துக்குது. அதான் பாப்பாவையும் சேத்துத் தூக்கியாந்துட்டேன், ஸ்கூல் பக்கத்துல அங்கன்வாடில வுட்டுக்கலாம். ஸ்கூட்டிய இந்த வரப்புல ஓட்ட முடியாது, ஒரு தடவ உருண்டு பாத்தாச்சி.”

“ஒரு மாசம் வரலன்னா?”

“ஒரு மாசமா? அது வரைக்கும் வுடுவேனா நானு?” என்றவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஏன் கேக்கறீங்க? பொண்ண நிறுத்துற ஐடியால இருக்கீங்களா?”

பயந்த கேள்வி கடைசியில் வந்தேவிட்டது. ஆனால் அதைக் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை.

“இல்லங்க டீச்சர்” என்றேன். “சேக்கப் போறேன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். செருப்பில்லாத அவர் கால் விரல் இடுக்கிலெல்லாம் வெள்ளை. நான் நோட்டை எடுத்து, இரண்டு கோடு போட்ட வரியை அடித்தேன்.

அன்று சாயந்தரம் மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

“செவுரு உதுருதுன்னு நீதானே சொன்ன?”

“நம்ம வூட்டுச் செவுரு உதுரலயா? அதுக்குன்னு வெளியவா குடியிருக்கறோம்?”

“ஸ்மார்ட் போர்டு இருக்கறத வுட்டுட்டு...”

“போர்டு நல்லாதான் இருக்குது. ஆனா போர்டு நம்ம புள்ளயத் தேடிக்கினு வரப்புல வருமா?”

மகளைக் கேட்டோம். “அந்த டீச்சர்கிட்ட போறேன்” என்றாள். அவ்வளவுதான்.

தெருவில் பேசாமல் இருப்பார்களா? “மூணு ஸ்கூல் சுத்திட்டு, கடைசியில வூட்டுக்குப் பக்கத்துல இருக்கறதுலயே சேத்துட்டியா? இதுக்கா சட்டையத் தேச்ச?” என்று கேட்டார்கள். கேட்டவர்களே அடுத்த மாதம் ஒவ்வொருத்தராக வந்து அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவரிடம், கணக்கில் ஆர்வமுள்ள உன் பையனுக்கு ஏரிக்கரைப் பள்ளிதான் என்று சொன்னேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவருக்கு ரோட்டுப் பள்ளியைச் சொன்னேன், குழாய் விஷயத்தையும் சேர்த்து. மூன்றும் நல்ல பள்ளிகள். எங்கள் பக்கத்தில் இப்படி மூன்று இருப்பதை வெளியூர்க்காரர்களிடம் நான் பெருமையாகவே சொல்கிறேன். எது யாருக்கு என்பதுதான் வேறு வேறு.

என் மகள் ஏழாவது படிக்கும்போது ஒரு சித்திரை மாதக் காலையில், பருவம் தப்பி வானம் கறுத்தது. மழை வருகிறது என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் அளத்துக்கு ஓடுவது வழக்கம். வாரி வைத்த உப்பைக் குவித்துக் கீற்றால் மூட வேண்டும், இல்லாவிட்டால் கரைந்துபோகும். அன்று சீக்கிரமே வேலை முடித்து வீட்டுக்கு வந்திருந்த எங்களுக்கு முதலாளி ஃபோன் மேல் ஃபோன் போட்டார். மகள் யூனிஃபார்மில் நின்றுகொண்டிருந்தாள். என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

“இன்னிக்கி ஒரு நாள் மட்டும் வாம்மா.”

அவள் பையை இறக்கிவைத்துவிட்டு, என் ஃபோனை எடுத்து நீட்டினாள். “சரிபா. நீயே டீச்சர்கிட்ட சொல்லிடு.”

ஃபோனைக் கையில் வாங்கினேன். டீச்சர் நம்பர் திரையில் இருந்தது. கட்டைவிரலை அதன் மேல் கொண்டுபோனேன். அழுத்த முடியவில்லை. டீச்சரிடம் பயமா என்றால், அதுவும் இருந்தது. ஆனால் அதைவிட, ஒரு வாரம் மட்டும் என்று என் அப்பாவும் இப்படித்தான் சொன்னார் என்பது அந்த நேரத்தில்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கால் புண், எனக்கு மழை.

“பையை எடு. போ, ஓடு” என்றேன்.

நானும் மனைவியும் மட்டும் ஓடினோம். எங்கள் பொறுப்பில் இருந்த நாலு குவியலில் மூன்றை மூடினோம். நாலாவது பாதி கரைந்து வாய்க்காலோடு போயிற்று. முதலாளி கண்டபடி பேசினார். “வூட்ல இன்னொரு கை இருந்துச்சே, எங்க போச்சி அது?” என்று கேட்டார்.

“ஸ்கூலுக்குப் போயிருக்குதுங்க” என்றேன். தலையிலிருந்து மழைத் தண்ணீர் வாய்க்குள் வழிந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் நான் அவ்வளவு நிமிர்ந்து ஒரு முதலாளிக்குப் பதில் சொன்னதில்லை. பக்கத்தில் என் மனைவி நனைந்த கீற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

இந்த வருடம் பள்ளி திறந்த அன்று மகள் புதுப் புத்தகங்களைக் கொண்டுவந்து பாயில் பரப்பினாள். அட்டை போட்டுத் தருகிறேன் என்று பழுப்புத் தாளும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்தேன். முதல் புத்தகத்தை எடுத்ததும் மேலே ‘எட்டாம் வகுப்பு’ என்று இருந்தது. எட்டாம் வகுப்புப் புத்தகம் ஒன்று என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அட்டையை மடித்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். புதுத் தாள் வாசனை. முதல் பாடத்தை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன். சில இடங்களில் தடுக்கியது, ஆனால் புரிந்தது.

“அப்பா, என் புக்கு. குடு, பேர் எழுதணும்” என்று மகள் கையை நீட்டினாள்.

“இரு” என்றேன். “இந்தப் பக்கம் முடிக்கிறேன்.”

அவள் அலுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.